அரசன் நகலெடுக்க வேண்டிய சுருள்

உபாகமம் பதினேழாம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்கள் அரசனைப் பற்றிப் பேசுகின்றன. அவன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது. குதிரைக்காக மக்களை மறுபடியும் எகிப்துக்கு அனுப்பக் கூடாது. மனைவியரைப் பெருக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் குவிக்கக் கூடாது. அரசனுக்கு என்னென்ன அதிகாரம் உண்டு என்று அங்கே ஒரு வரியும் இல்லை. அவன் கட்டாயம் செய்ய வேண்டியது என்று இருப்பது ஒன்றே ஒன்று. அரியணையில் அமர்ந்ததும் அவன் எழுத உட்கார வேண்டும். லேவியரான ஆசாரியர்களிடம் இருக்கும் நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்கென்று ஒரு பிரதி எடுக்க வேண்டும். அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். காரணமும் சொல்லியிருக்கிறது: தன் சகோதரரைவிடத் தான் மேலானவன் என்ற எண்ணம் அவன் நெஞ்சில் முளைத்துவிடக் கூடாது.

இது எவ்வளவு துணிச்சலான கட்டளை என்பது அக்கம்பக்கத்து அரசர்களைப் பார்த்தால் விளங்கும். பாபிலோனின் ஹம்முராபி தன் சட்டங்களை ஏழடிக்கு மேல் உயரமான கருங்கல்லில் வெட்டிவைத்தான். 1901–02இல் சூசா அகழாய்வில் கிடைத்து இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கல்லின் உச்சியில், ஷமாஷ் என்னும் சூரியக் கடவுளுக்கு எதிரே அவனே நிற்கிறான். சட்டம் அவன் பெயரால் வந்தது; அவன் புகழைப் பாடியது. உபாகமமோ அரசனை ஓர் எழுத்தனின் இடத்தில் உட்காரவைக்கிறது. சட்டம் அவனுக்கு முன்பே இருந்தது, அவனுக்குப் பின்னும் இருக்கும். நடுவில் வந்த அவனுக்கு நகலெடுக்கும் வேலை.

நகலெடுப்பது உடம்பு நோகும் வேலை. ஒரு யூத எழுத்தர் தோராவின் ஐந்து நூல்களையும் தோலில் கையால் எழுதி முடிக்க இன்றைக்கும் ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. உபாகமம் மட்டும்தான் என்றாலும் 34 அதிகாரங்கள். கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது, ஏழையிடம் அடகாக வாங்கிய மேலாடையை இரவு படுக்குமுன் திருப்பித்தர வேண்டும் என்பது, வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டு அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்பது, இவையெல்லாம் அரசனின் விரல் வழியே ஒவ்வோர் எழுத்தாகக் கடந்துபோக வேண்டும். வாசிக்கும்போது கண் தாண்டிப் போகலாம். எழுதும் கை தாண்ட முடியாது. இந்தக் கட்டளையின் ஆழம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உபாகமத்தின் சொற்கள் மோசேயினுடையவை என்பது மரபு. நூலின் இப்போதைய வடிவம் கி.மு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எப்படியிருந்தாலும் சாலொமோனின் ஆட்சி அந்த ஏழு வசனங்களுக்கு அப்படியே எதிரான படம். ஓராண்டில் வந்த பொன் 666 தாலந்து. இரதங்கள் 1,400, குதிரைவீரர் 12,000. குதிரைகள் வந்த இடங்களில் ஒன்று எகிப்து. மனைவியர் 700, மறுமனையாட்டிகள் 300. ராஜாக்கள் புத்தகம் இந்தக் கணக்கைப் பெருமையோடு சொல்வதுபோலத் தொடங்கி, அடுத்த அதிகாரத்திலேயே ராஜ்யம் பிளந்துபோகும் என்ற தீர்ப்பில் போய் நிற்கிறது.

அரசனைக் கட்டும் எழுத்து இஸ்ரவேலின் முதல் அரசனோடு சேர்ந்தே பிறந்தது. மிஸ்பாவில் மக்கள் கூடி, சீட்டு விழுந்து, சவுலின் பெயர் வந்தபோது அவன் தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்தான். அவனை இழுத்துவந்து நிறுத்திய பிறகு, தீர்க்கதரிசி சாமுவேல் அரசாட்சியின் முறையை மக்களுக்கு எடுத்துச் சொல்லி, ஒரு சுருளில் எழுதி, கர்த்தரின் சந்நிதியில் வைத்தார். அரசன் வந்தால் மகன்களை இரதத்துக்கு முன் ஓடவைப்பான், மகள்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுப்பான், நல்ல வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான் என்று அவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். அதற்குப் பின்னும் மக்கள் அரசனைக் கேட்டார்கள். சரி, அரசன் வரட்டும், அவனுக்கு மேலே ஓர் எழுத்தும் இருக்கட்டும் என்பது சாமுவேலின் ஏற்பாடு.

ஆனால் ராஜாக்கள் புத்தகங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும், எந்த அரசனும் உட்கார்ந்து தன் பிரதியை எழுதியதாகக் குறிப்பு கிடைக்காது. தாவீதைப் பற்றிக்கூட அப்படி ஒரு சொல் இல்லை. வடநாட்டு அரசன் ஆகாப், நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். பிதாக்களின் சொத்தை விற்கமாட்டேன் என்றான் நாபோத். அரசன் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான். குடியானவன் மறுத்தால் அரசன் பிடுங்கமுடியாது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பட்டினியே சாட்சி. சீதோன் அரசகுடும்பத்தில் பிறந்த யேசபேலுக்கு அது புரியவில்லை. அவள் ஆகாபின் பெயரால் கடிதங்கள் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லவைத்தாள். நியாயப்பிரமாணத்தை எழுதியிருக்க வேண்டிய அரசனின் பெயரில் கடைசியில் எழுதப்பட்டது ஒரு கொலைக்கான கடிதம்.

யூதாவில் ஒருமுறை எழுத்து முறைப்படி அரசனிடம் வந்தது. ராணித்தாய் அத்தாலியாள் அரசகுடும்பத்தை அழித்தபோது ஆலயத்தில் ஆறு ஆண்டு ஒளித்துவைக்கப்பட்ட யோவாஸுக்கு, ஏழு வயதில், ஆசாரியன் யோய்தா முடிசூட்டி, முடியோடு சேர்த்துச் சாட்சியின் ஆகமத்தையும் கொடுத்தான். பிள்ளை அதைப் படித்தானா என்று தெரியாது. அதன் பிறகு சுருள் கண்ணில் படுவதில்லை.

மறுபடி அது வெளிப்பட்டது கி.மு. 622இல். எட்டு வயதில் அரசனான யோசியாவுக்கு அப்போது 26 வயது. ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாம், அவர்கள் உண்மையாய் வேலை செய்கிறவர்கள் என்பது அரசனின் உத்தரவு. அந்த வேலையின் நடுவே பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு சுருளைக் கண்டெடுத்துச் அரசனின் செயலரான சாப்பானிடம் கொடுத்தான். சாப்பான் அதைப் படித்துவிட்டு அரசனிடம் போனான். போய் முதலில் பணக்கணக்கைச் சொன்னான். பிறகுதான், இல்க்கியா என்னிடம் ஒரு புத்தகம் கொடுத்தான் என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினான். அதைக் கேட்ட யோசியா தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான்.

கண்டெடுத்தது உபாகமம் அல்லது அதன் மையப்பகுதி என்று ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே 1805இல் வாதிட்டார். இன்றுவரை ஆய்வுகள் அந்த முடிவைச் சுற்றியே நடக்கின்றன. அப்படியானால் அரசன் கேட்டவற்றில் அரசனைப் பற்றிய அந்த ஏழு வசனங்களும் இருந்திருக்கலாம்.

யோசியா அடுத்துச் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதன் பொருளை விசாரித்து வாருங்கள் என்று பிரதான ஆசாரியனையும் சாப்பானையும் சாப்பானின் மகன் அகீக்காமையும் அக்போரையும் அசாயாவையும் அனுப்பினான். நாட்டின் இத்தனை பெரிய மனிதர்களும் எருசலேமின் இரண்டாம் பகுதியில் குடியிருந்த உல்தாள் என்னும் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். வஸ்திரசாலை விசாரிப்பாளன் சல்லூமின் மனைவி அவள், தீர்க்கதரிசினி. அவள் அரசனுக்குச் சொல்லியனுப்பிய பதிலில் முதலில் அவனை அரசன் என்றுகூடச் சொல்லவில்லை. உங்களை என்னிடத்தில் அனுப்பிய மனிதன் என்கிறாள். இந்த இடத்தின் மேல் தீங்கு வரும், உன் இருதயம் இளகியதால் நீ அதைப் பார்க்கமாட்டாய் என்பது செய்தி. நாட்டுக்கு நம்பிக்கை தரும் சொல் ஒன்றும் அதில் இல்லை. அதைக் கேட்டும் யோசியா பெரியோர் சிறியோர் அனைவரையும் கூட்டி, தூணருகே நின்று, சுருள் முழுவதையும் அவர்கள் காதுகேட்க வாசித்தான். எழுதிய அரசன் கிடைக்கவில்லை. எழுந்து நின்று வாசித்த அரசன் ஒருவன் கிடைத்தான். இடமோ வலமோ விலகாதவன் என்று ராஜாக்கள் புத்தகம் அவனைச் சொல்வது, அரசனுக்காக உபாகமம் வைத்த அளவுகோலை எடுத்தே சொல்வது.

609இல் மெகிதோவில் எகிப்து மன்னன் நேகோவின் கையில் யோசியா இறந்தான். சில மாதங்களில் நேகோ அவன் மகன் யோயாக்கீமை அரியணையில் வைத்தான். எகிப்துக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்த காலத்தில் யோயாக்கீம் கேதுருப் பலகை பதித்து, சிவப்புச் சாயம் பூசிய மாளிகை கட்டினான். வேலைசெய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. தீர்க்கதரிசி எரேமியா அவனுக்கு அவன் தகப்பனை நினைவூட்டினார். யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான், ஆனால் எளியவனின் வழக்கை நியாயமாகத் தீர்த்தான். என்னை அறிவது அதுதானே என்று கர்த்தர் கேட்கிறார் என்றார். கடவுளை அறிவதற்கு வேதாகமத்தில் இதைவிட நேரான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கி.மு. 605இல் எரேமியா சொல்லச்சொல்ல, நேரியாவின் மகன் பாருக்கு மையால் ஒரு சுருள் எழுதினான். இது வேறு சுருள், நியாயப்பிரமாணம் அன்று. ஆனால் அரசனுக்கு மேலே நிற்கும் எழுத்து என்ற வகையில் அதன் உடன்பிறப்பு. அடுத்த ஆண்டு உபவாச நாளில் பாருக்கு ஆலயத்தில் நின்று அதை வாசித்தான். வாசித்த இடம் சாப்பானின் மகன் கெமரியாவின் அறை. கெமரியாவின் மகன் மிகாயா அதைக் கேட்டு, அரண்மனையில் கூடியிருந்த பிரபுக்களிடம் ஓடிச்சொன்னான். அவர்கள் பாருக்கை வரவழைத்து, உட்காரவைத்து, மறுபடி வாசிக்கக் கேட்டுப் பயந்தார்கள். நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள் என்று முதலில் அனுப்பிவிட்டு, அதன் பிறகே அரசனிடம் சொன்னார்கள்.

ஒன்பதாம் மாதம், குளிர். அரசன் குளிர்கால மாளிகையில் இருந்தான். எதிரே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்தி வாசித்ததும், சூரிக்கத்தியால் அந்தப் பகுதி அறுக்கப்பட்டு நெருப்பில் விழுந்தது. அடுத்த பத்திகள், மறுபடி கத்தி. சுருள் முழுவதும் அப்படியே எரிந்தது. அரசனோ அவன் ஊழியக்காரரோ ஆடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று எரேமியா புத்தகம் குறித்துவைக்கிறது. படிக்கிறவனுக்கு அங்கே யோசியாவின் நினைவு வந்தே தீரும். எரிக்க வேண்டாம் என்று மூவர் கெஞ்சினார்கள்: கெமரியா, தெலாயா, எல்நாத்தான். எல்நாத்தான் அக்போரின் மகன். முன்பு அரசன் கட்டளைப்படி எகிப்துக்குப் போய், தப்பியோடிய உரியா என்ற தீர்க்கதரிசியைக் கொலைக்குப் பிடித்துவந்தவனும் அவனே. அந்தக் கைக்கும் அன்று சுருள் எரிவதைப் பொறுக்க முடியவில்லை.

எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தார். எரிந்தது முழுவதும் மறுபடி எழுதப்பட்டது. இன்னும் பல வார்த்தைகளும் சேர்ந்தன.

இந்த இடத்தில் சாப்பான் வீட்டாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முதல் சுருளை அரசனுக்கு வாசித்தவன் சாப்பான். எரேமியாவைக் கொல்லக் கூட்டம் திரண்டபோது காப்பாற்றியவன் அவன் மகன் அகீக்காம். இரண்டாம் சுருளுக்கு அறை கொடுத்தவனும் அதற்காகக் கெஞ்சியவனும் இன்னொரு மகன் கெமரியா. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனவர்களில் ஒருவன் சாப்பானின் மகன் எலெயாசா. அரசர்கள் கையில் இருக்க வேண்டிய எழுத்தைக் காத்தது அரசர்களிடம் சம்பளம் வாங்கிய ஒரு குடும்பம். தேவபக்தியுள்ள தலைமை என்று வேதாகமத்தில் தேடுகிறவர்கள் தாவீதோடு நின்றுவிடுகிறார்கள். அரியணைக்குப் பக்கத்தில் நின்று பயந்துகொண்டே சரியானதைச் செய்த இவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமைக் கொளுத்தினார்கள். 1982இல் யிகால் ஷிலோவின் குழு தாவீதின் நகரப் பகுதியில் அந்தச் சாம்பல் அடுக்கைத் தோண்டியபோது, சுமார் ஐம்பது களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த ஆவணங்கள் எரிந்துபோயின; அதே நெருப்பு களிமண்ணைச் சுட்டு இறுக்கிவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கும் பெயர் சாப்பானின் மகன் கெமரியா. எரேமியா புத்தகத்தின் கெமரியாவே அவன் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

அரசர்கள் போன பிறகு பாபிலோனியப் படைத்தலைவன் நிலமற்ற ஏழைகளுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான். அரசன் பிடுங்குவான் என்று சாமுவேல் சொன்னவை அரசன் இல்லாத நாளில் திரும்பிவந்தன. அவர்களுக்கு அதிபதியாக வைக்கப்பட்டவன் கெதலியா, அகீக்காமின் மகன், சாப்பானின் பேரன். அவன் தங்கிய ஊர் மிஸ்பா. திராட்சரசத்தையும் பழத்தையும் எண்ணெயையும் சேர்த்துவைத்து அமைதியாகக் குடியிருங்கள் என்று அவன் சொல்ல, சிதறியிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அரசவம்சத்தைச் சேர்ந்த இஸ்மவேல் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டு, எழுந்து வெட்டிக் கொன்றான். யூதர்கள் இன்றும் ஆண்டுதோறும் கெதலியாவுக்காக உபவாசம் இருக்கிறார்கள்.

சுருள் பாபிலோனுக்குப் போனது, திரும்பி வந்தது. நியாயப்பிரமாணத்தை வேதபாரகன் எஸ்றா எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னே மரமேடையில் நின்று காலைமுதல் மத்தியானம்வரை வாசித்தபோது அங்கே அரசன் இல்லை. ஆண்களும் பெண்களும் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எல்லாரும் நின்றார்கள். லேவியர் அர்த்தம் சொன்னார்கள். அரசனுக்கென்று விதித்த வாசிப்பு குடிகளுக்கு வந்துவிட்டது.

அரசனை மறந்தார்களா என்றால் இல்லை. 1967இல் தொல்லியலாளர் யிகாயேல் யாதீன் கைக்கு வந்த ஆலயச் சுருள், சாக்கடல் சுருள்களில் மிக நீளமானது, எட்டு மீட்டருக்கு மேல். அரசனைப் பற்றிய சட்டத்தை அது பல பத்திகளுக்கு விரிக்கிறது. அரசனோடு 36 பேர் கொண்ட அவை இருக்க வேண்டும், அவர்களைக் கேளாமல் அவன் எதுவும் செய்யக் கூடாது, ஒரே மனைவிதான், யாருடைய வயலுக்கும் ஆசைப்படக் கூடாது. யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ரபிகள் இன்னொரு பக்கமாகப் போனார்கள். அரசன் போருக்குப் போனால் சுருள் கூடப் போக வேண்டும், நியாயம் விசாரித்தால் கூட இருக்க வேண்டும், சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இருக்க வேண்டும் என்றார்கள்.

அகிரிப்பா அரசனின் கதையும் மிஷ்னாவில்தான் வருகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையில் அரசன் ஆலயத்தில் உபாகமத்தை வாசிக்க வேண்டும், உட்கார்ந்து வாசிக்கலாம். அகிரிப்பா நின்றே வாசித்தான். ஏரோதின் பேரன் அவன். ஏரோதின் முன்னோர் ஏதோமியர். அந்நியனை அரசனாக வைக்கக் கூடாது என்ற இடம் வந்ததும் அவன் கண்ணில் நீர் வழிந்தது. பயப்படாதே, நீ எங்கள் சகோதரன் என்றார்கள் கூடியிருந்தவர்கள். இதயம் நெகிழும் காட்சி. ஆனால் பின்வந்த தல்மூது இதைக் கடுமையாகப் பார்க்கிறது: அரசனுக்கு முகஸ்துதி சொன்ன அந்த நேரத்தில்தான் மக்கள் அழிவுக்கு உரியவர்கள் ஆனார்கள் என்கிறது. தல்மூதின் பக்கம்தான் நான். அழுத அரசனை அந்தச் சொல்லோடு தனியே விட்டிருக்க வேண்டும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வனாந்தரத்தில் உலகத்தின் ராஜ்யங்கள் அனைத்தும் இயேசுவுக்குக் காட்டப்பட்டன. சோதனைக்காரனுக்கு அவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை. கையில் சுருள் இல்லை. அரசன் நாள்தோறும் வாசித்து நெஞ்சில் ஏற்றிக்கொள்ள வேண்டியது அவர் நெஞ்சில் இருந்தது. எருசலேமுக்குள் நுழைந்தபோது குதிரையைத் தேடவில்லை, கழுதையில் வந்தார். பெரியவன் யார் என்று சீடர்கள் சண்டையிட்ட இராவில், பந்தியில் பரிமாறுகிறவனின் இடம் தன்னுடையது என்றார்.

கி.பி. 70இல் ஆலயம் எரிந்தது. மறு ஆண்டு ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில், பொன்மேசைக்கும் குத்துவிளக்குக்கும் பின்னால், கொள்ளைப்பொருள்களில் கடைசியாக யூதரின் நியாயப்பிரமாணச் சுருள் தூக்கிவரப்பட்டது என்று யோசேபஸ் எழுதுகிறார். பொன்பாத்திரங்கள் சமாதானக் கோயிலுக்குப் போயின. சுருளைத் தன் அரண்மனையில் வைக்கச் சொன்னான் வெஸ்பாசியன். யூதாவின் அரண்மனைகளில் தங்க இடம் கிடைக்காத சுருள் ஒரு பேரரசனின் அரண்மனைக்குள் கைதியாகப் போனது.

ஆனால் பிரதிகள் எங்கும் பரவியிருந்தன. கிரேக்கத்தில், பிறகு இலத்தீனில், பிறகு ஐரோப்பிய மொழிகளில். ஸ்காட்லாந்துப் போதகர் சாமுவேல் ரதர்ஃபோர்ட் 1644இல் ‘லெக்ஸ், ரெக்ஸ்’ என்ற நூலில், அரசன் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்பதற்கு உபாகமத்தின் இந்த அதிகாரத்தை முன்வைத்தார். இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பிய 1660இல் அந்த நூல் எடின்பரோவில் வெளிப்படையாக எரிக்கப்பட்டது. ராஜத்துரோக வழக்குக்கு அழைப்பு வந்தபோது ரதர்ஃபோர்ட் மரணப்படுக்கையில் இருந்தார். 1689இல் வில்லியமும் மேரியும் முடிசூடியபோது அவர்கள் கையில் வேதாகமம் கொடுக்கப்பட்டது. 2023இல் மூன்றாம் சார்லஸுக்கும் கொடுத்தார்கள். எழுதச் சொல்லவில்லை.

தமிழுக்கு இந்த ஏழு வசனங்கள் தரங்கம்பாடி வழியாக வந்தன. 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, கடன் வழக்கில் சிக்கிய ஓர் ஏழை விதவைக்காக டேனிஷ் ஆளுநரான தளபதி ஹாசியஸிடம் திரும்பத்திரும்பப் போய் நின்றார். 1708இல் ஹாசியஸ் அவரைக் கைதுசெய்து நான்கு மாதம் கோட்டையில் அடைத்தார். வெளியே வந்தவர் புதிய ஏற்பாட்டை முடித்து அச்சிட்டார், பிறகு பழைய ஏற்பாட்டை எடுத்தார். விதவையின் வழக்கைப் புரட்டக் கூடாது என்பதும், அரசன் தன் சகோதரருக்கு மேலே தன்னை உயர்த்தக் கூடாது என்பதும் உபாகமத்தோடு அவர் கையால் தமிழில் எழுதப்பட்டன. ரூத் புத்தகம்வரை வந்து, 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்தார். அரசர்களின் கதை தொடங்கும் சாமுவேல் புத்தகத்திலிருந்து வேலையை எடுத்துக்கொண்டவர் பெஞ்சமின் சூல்ச்.